தட்டிங் ரேந்தை

தட்டிங் என்பது சிறிய ஓடம் ஒன்றில் சுற்றிய நூலைக் கொண்டு விரல்களின் மேல் முடிச்சுகளை இட்டு, அவற்றை வளையங்களாகவும் விற்களாகவும் இழுத்துச் சேர்த்துச் செய்யப்படும் ஒரு வகை ரேந்தை (லேஸ்) ஆகும். இதற்குத் தறியோ, சட்டமோ, திண்டோ தேவையில்லை. ஓடமும் நூலும் இரு கைகளும் போதுமானவை. கைக்குட்டையின் ஓரம், கழுத்துப்பட்டி, குழந்தைகளின் சட்டை, மேசை விரிப்பு முதலியவற்றை அழகுபடுத்த இது பயன்படுகிறது.

1840களிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அச்சான தட்டிங் வடிவக் குறிப்புகள் பல இன்றும் கிடைக்கின்றன. ஆனால், அவற்றை அச்சில் உள்ளவாறே பின்பற்றுபவர் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிட நேர்கிறது. அக்குறிப்புகள் எழுதப்பட்ட காலத்தில் வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று கருதி விடப்பட்டவை மிகுதி என்பதே இதற்குக் காரணமாகும். இக்கட்டுரை தட்டிங்கின் அமைப்பையும், பழைய வடிவம் ஒன்றைப் பின்னி முடிக்கும் முறையையும், தமிழகத்தில் ரேந்தை வேலை வேரூன்றிய வரலாற்றையும் விளக்குகிறது.

பெயர்

தட்டிங் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் உறுதி செய்யப்படவில்லை. பிற மொழிப் பெயர்கள் சுவையானவை. பிரெஞ்சு மொழியில் இது ஃப்ரிவோலித்தே, அதாவது அற்பமான விளையாட்டு, எனப்படுகிறது. இத்தாலிய மொழியில் கியாக்கியரீனோ என்பர். இச்சொல் அரட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. செருமானியர் ஓக்கி என்ற இத்தாலியச் சொல்லை எடுத்துக் கொண்டனர். அதற்குக் கண்கள் என்று பொருள். வரிசையாக அமைந்த வளையங்களைக் காண்பவருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். துருக்கிய மொழிப் பெயர் ஓடத்தைக் கொண்டு அமைந்தது.

தமிழில் வழங்கும் ரேந்தை என்ற சொல் ரெண்டா என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். இலங்கையின் தென்கரையில் காலிப் பகுதியில் மரக்குச்சிகளைக் கொண்டு பின்னப்படும் பீரலு ரேந்தையின் பெயரும் போர்த்துக்கேய மொழியிலிருந்தே வந்தது. தட்டிங்குக்கு நிலைபெற்ற தமிழ்ப்பெயர் இல்லாமையால் அப்பெயரே இங்கு ஒலிபெயர்த்து வழங்கப்படுகிறது.

தோற்றம்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய உயர்குடிப் பெண்களிடையே நூலில் வரிசையாக முடிச்சிடும் வழக்கம் இருந்தது. முடிச்சிட்ட நூலைப் பின்னர் துணியில் வைத்துத் தைத்தனர். இதற்குப் பயன்பட்ட ஓடம் பெரியது. தந்தம், ஆமையோடு, பொன் முதலியவற்றால் செய்யப்பட்டது. ஓவியர் நத்தியே 1756இல் வரைந்த பிரெஞ்சு இளவரசி அதெலாயிதின் ஓவியத்தில் அவர் இத்தகைய ஓடத்தை ஏந்தியிருக்கிறார். தட்டிங் இவ்வழக்கத்திலிருந்தே வளர்ந்தது என்பது பொதுவான கருத்து.

1840களில் அச்சுக் குறிப்புகள் தோன்றின. இலண்டனில் வாழ்ந்த எலியனோர் ரியேகோ டெ லா பிராஞ்சார்டியேர் 1850இல் வெளியிட்ட நூலில், பிக்கோ எனப்படும் சிறு கண்ணிகளின் வழியாக ஊசியால் வளையங்களை இணைக்கும் முறை காணப்படுகிறது. அடுத்த ஆண்டே, ஊசியின்றி ஓடத்தைக் கொண்டே இணைக்கும் முறையை விளக்கும் சிறு நூல் ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1860களில் இரண்டாவது நூலைச் சேர்த்து விற்களை அமைக்கும் முறை பரவியது. தெரேஸ் தெ தில்மோன் 1886இல் தொகுத்த கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் தட்டிங்குக்கும் இடம் உண்டு. சீமாட்டி கேத்தரின் ஓர் 1910இல் எழுதிய நூலுக்கு, கார்மென் சில்வா என்ற புனைபெயரில் எழுதிய உருமேனிய அரசி எலிசபெத் முன்னுரை வழங்கினார்.

இவ்வரலாறு அரண்மனைகளோடு நிற்பதன்று. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டிய 1847இல், லவுத் மாவட்டத்து ஆர்டீ ஊரருகே கில்டெமாக் திருச்சபைப் போதகரின் மனைவி சோபியா எல்லிஸ் ஏழைப் பெண்களுக்குத் தட்டிங்கைக் கற்பித்து, அவர்கள் கூலி ஈட்ட வழி செய்தார். அரட்டை என்றும் அற்பம் என்றும் பெயர் பெற்ற வேலை அங்குச் சோற்றுக்கு வழியாயிற்று.

முடிச்சின் அமைப்பு

தட்டிங்கில் இருப்பது ஒரே ஒரு முடிச்சுதான். அது இரண்டு அரை முடிச்சுகளால் ஆனது. இரண்டாவது, முதலாவதின் கண்ணாடி உரு. இரண்டும் சேர்ந்தது இரட்டை முடிச்சு எனப்படும். கால்நடைகளைத் தறியில் கட்டும் கயிற்று முடிச்சு ஒன்றும் இதே அமைப்பை உடையது.

இடக்கை விரல்களைச் சுற்றி நூல் ஒரு கண்ணியாகப் பிடிக்கப்படுகிறது. வலக்கையில் உள்ள ஓடம் அக்கண்ணியின் கீழும் மேலுமாகச் சென்று திரும்புகிறது. அப்போது ஓடத்து நூல் கண்ணி நூலைச் சுற்றியிருக்கும். இந்நிலையில் இடக்கை விரல்களைத் தளர்த்தி ஓடத்து நூலை விறைப்பாக இழுத்தால், முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இப்போது கண்ணி நூலே ஓடத்து நூலைச் சுற்றியிருக்கும். ஓடத்து நூல் நடுவில் நேராக ஓடும். தட்டிங்கின் முழு இரகசியமும் இத்தாவலே. தாவாத ஒரே ஓர் அரை முடிச்சு இருந்தாலும் நூல் பூட்டிக்கொள்ளும். வளையத்தை இழுத்து மூட முடியாது. கற்பவர்கள் பெரும்பாலோர் கைவிடுவது இவ்விடத்தில்தான்.

தேவையான முடிச்சுகள் முடிந்ததும் ஓடத்து நூலை இழுக்க, அவை நெருங்கி வளையமாக மூடிக்கொள்கின்றன. இரு முடிச்சுகளுக்கு இடையே சிறிது நூலை விட்டு நெருக்கினால் அது பிக்கோவாக எழும்பும். பிக்கோ அழகுக்காகவும் இணைப்புக்காகவும் அமைகிறது. அடுத்த வளையத்தைப் பின்னும்போது கொக்கி ஊசியால் முந்தைய வளையத்தின் பிக்கோ வழியாகக் கண்ணி நூலை இழுத்து, அதனுள் ஓடத்தைச் செலுத்தினால் இரண்டும் இணைந்துவிடும். இரண்டாவது நூலை இடக்கையில் பிடித்து, ஓடத்து நூலின் மேல் முடிச்சுகளை இட்டு மூடாமல் விட்டால் வில் உருவாகும்.

மூடிய வளையத்தைத் திறப்பது கடினம். பிழை தெரிந்தால், பிக்கோ உள்ள இடத்தில் இரு முடிச்சுகளை நகத்தால் அகற்றி, உள்ளே ஓடும் நூலைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்க வேண்டும். மெல்லிய நூலில் இதற்கும் வழியில்லை, அறுக்கவே வேண்டும். குரோசே வேலையில் ஒரு முனையை இழுத்தால் எல்லாம் பிரிந்துவிடும். தட்டிங்கில் அவ்வசதி இல்லை. எனவே பின்னத் தொடங்கும் முன்பே குறிப்பைச் சரிபார்ப்பது இங்கு இன்றியமையாதது.

பழைய வடிவங்களைப் படித்தல்

பழைய குறிப்புகளில் கோட்டுப்படம் கிடையாது. முழுவதும் உரைநடையாகவோ சுருக்கெழுத்தாகவோ இருக்கும். உடன் ஒரு செதுக்குப்படம் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் தீர்க்க வேண்டிய ஐயம், முடிச்சு என்று குறிப்பு எதைச் சொல்கிறது என்பதே. சில நூல்களில் அது அரை முடிச்சு. சிலவற்றில் இரட்டை முடிச்சு. ஒரு வளையத்துக்கு 20 என்று எழுதியிருந்தால், முதல் பொருளில் 10 இரட்டை முடிச்சுகளும் இரண்டாம் பொருளில் 20 இரட்டை முடிச்சுகளும் ஆகும். வளையத்தின் அளவே இருமடங்கு வேறுபடும். நூலின் தொடக்கத்தில் உள்ள விளக்கத்தைப் படிப்பது முதல் வழி. குறிப்பு மட்டும் தனியாகக் கிடைத்திருந்தால், செதுக்குப்படத்தில் பிக்கோக்களுக்கு இடையே எண்ணக்கூடிய முடிச்சுகளை எண்ணி ஒப்பிட வேண்டும். எண்கள் எல்லாம் இரட்டைப்படையாக இருந்தால் அரை முடிச்சு என்று ஐயுறலாம்; ஒற்றைப்படை எண்கள் அடிக்கடி வந்தால் பெரும்பாலும் இரட்டை முடிச்சே.

அடுத்தது எண்ணிக்கைச் சிக்கல். எடுத்துக்காட்டாக, 3 முடிச்சு, இடையிடையே 2 முடிச்சுடன் 5 பிக்கோ, 3 முடிச்சு, மூடுக என்ற குறிப்பைக் கொள்வோம். ஐந்து பிக்கோக்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் நான்கே. ஆகவே மொத்தம் 3 + (4 × 2) + 3 = 14 முடிச்சுகள். இடைவெளியை ஐந்தாகக் கொள்பவருக்கு 16 வரும். பன்னிரண்டு வளையங்கள் கொண்ட பூவில் இவ்வேறுபாடு 24 முடிச்சுகளாகப் பெருகி, பூ தட்டையாக அமையாது. வேலிக்குக் கம்பம் நடுபவரும் நிரல் எழுதுபவரும் அடிக்கடி செய்யும் பிழையும் இதுவே.

நடு வளையத்தில் கணக்கு மாறும். அது மூடிய வட்டமாதலால் 12 பிக்கோக்களுக்கு 12 இடைவெளிகள் உண்டு. ஆனால் பல பழைய குறிப்புகள் 11 பிக்கோக்களை மட்டுமே சொல்லி, படத்தில் 12ஐக் காட்டும். இது அச்சுப் பிழையன்று. வளையத்தை மூடியபின் இரு நூல் முனைகளையும் பிக்கோவின் உயரத்துக்கு விட்டு முடிந்தால், அதுவே பன்னிரண்டாவது பிக்கோவாகிவிடும். அங்கிருந்து நூலை அறுக்காமல் அடுத்த சுற்றுக்கும் செல்லலாம். இப்போலிப் பிக்கோவை அக்காலப் பெண்கள் சொல்லாமலே செய்தனர் போலும்.

திருப்புதல் பற்றியும் பழைய குறிப்புகள் பெரும்பாலும் பேசுவதில்லை. வளையத்துக்குப்பின் வில்லைத் தொடங்கும்போது வேலையைத் தலைகீழாகத் திருப்பினால்தான் வில் எதிர்ப்புறம் வளையும். படத்தில் வளையமும் வில்லும் எதிரெதிராக வளைந்திருந்தால் அவ்விடத்தில் திருப்புதல் உண்டு என்று கொள்ள வேண்டும். விற்கள் பரவுவதற்கு முந்தைய வடிவங்களில் வளையங்களுக்கு இடையே வெறும் நூல் விடப்படும். அந்நீளம் எங்கும் ஒன்றாக இல்லாவிட்டால் ஓரம் கோணும். இதற்கு அட்டைத் துண்டு ஒன்றை அளவுகோலாக வைத்துக் கொள்வது நல்லது. பிக்கோக்களின் உயரத்துக்கும் அதே அட்டை உதவும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதற்கெனக் கட்டைவிரலில் மாட்டிய மோதிரமும் அதிலிருந்து தொங்கும் ஊசியும் பயன்பட்டன.

இணைப்பை முடிச்சாக எண்ணுவதா என்பதிலும் நூல்கள் வேறுபடுகின்றன. இணைப்பு எண்ணிக்கையில் சேராது என்பது பரவலான வழக்கம். இணைப்பை அடுத்த இரட்டை முடிச்சின் முதற்பாதியாகக் கொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. எதைக் கொண்டாலும் வேலை முழுவதும் அதையே கொள்ள வேண்டும்.

நூலின் பருமன்

நூலின் எண் கூடக் கூட நூல் மெலியும். 20ஆம் எண் கற்பவர்க்கு ஏற்றது. பழைய வடிவங்களின் மென்மைக்கு 80ஆம் எண்ணும் அதற்கு மேலும் தேவைப்படும். பழைய குறிப்பில் காணும் எண்ணை இன்றைய நூலின் எண்ணோடு அப்படியே ஒப்பிடுவது சரியன்று. எண்ணிடும் முறையும் முறுக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டன. இந்தியக் கடைகளில் ஆங்கர் குரோசே நூல் எளிதில் கிடைக்கும். தட்டிங்குக்கு நன்கு முறுக்கேறிய நூலே வேண்டும். முறுக்குக் குறைந்த பூவேலை நூல் இழுக்கும்போது பிரிந்துவிடும்.

ஓடத்தில் எவ்வளவு நூல் சுற்றுவது என்பதையும் குறிப்பு சொல்லாது. நூல் வளையத்தின் நடுவில் தீர்ந்துபோனால் அங்கு முடிபோட இயலாது. அம்முடி உள்ளே ஓடாது. எனவே ஒரு பூவை அளந்த நூலில் பின்னி, மீந்ததைக் கழித்து, ஒரு பூவுக்கு ஆகும் நூலை அறிந்து கொள்வது முறை. புதிய நூலை வளையங்களுக்கு இடையில் மட்டுமே சேர்க்க வேண்டும்.

பின்னிப் பார்த்தல்

குறிப்பைத் தெளிந்தபின் உடனே மெல்லிய வெள்ளை நூலில் தொடங்காமல், தடித்த நூலில், ஓடத்துக்கு ஒரு நிறமும் பந்துக்கு மற்றொரு நிறமுமாக, ஒரு மாதிரி பின்னுவது அறிவுடைமை. தாவாத முடிச்சு நிறத்தாலேயே தெரிந்துவிடும். எந்த நூல் எங்குச் செல்கிறது என்பதும் விளங்கும்.

வட்ட வடிவங்களில் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வேலையை மேசைமேல் பரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றின் அகலம் 1 செ.மீ. எனில், வெளிச் சுற்றளவு சுமார் 6.3 செ.மீ. கூடியாக வேண்டும். இது வட்டத்தின் இயல்பு. எந்த வடிவத்துக்கும் பொருந்தும். அதைவிடக் குறைந்தால் வேலை கிண்ணம்போல் குழியும். மிகுந்தால் கொசுவம்போல் அலையும். சிறு குழிவைக் கஞ்சியிட்டு, குண்டூசிகளால் இழுத்துக் குத்திக் காயவைத்து நேராக்கலாம். பெருங்குழிவு இருந்தால் குறிப்பில் வளைய எண்ணிக்கையோ வில்லின் முடிச்சுகளோ தவறாக அச்சாகியுள்ளன என்று பொருள். அப்போது படத்தில் உள்ள வளையங்களை எண்ணி, முந்தைய சுற்றின் பிக்கோக்களோடு வகுத்துப் பார்க்க வேண்டும். 12 பிக்கோக்களின் மேல் 18 வளையங்கள் சீராக அமையா. 12, 24 என மடங்குகளாகவோ, ஒன்றுவிட்டு ஒன்றாக 6 எனவோ அமைவதே இயல்பு.

வட்டத்தின் கடைசி வளையத்தை முதல் வளையத்தோடு சேர்ப்பது பலருக்கும் இடரான கட்டம். நேராக இணைத்தால் பிக்கோ முறுக்கிக் கொள்ளும். முதல் வளையத்தை, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல், வலப்புறம் மடித்து, பிக்கோவைப் பின்புறமாக எதிர்கொண்டு கொக்கியைச் செலுத்தி, பின்னர் மடிப்பை விரித்தால் இணைப்பு நேராக அமையும். புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடாகச் சென்று தொடங்கிய இடத்திலேயே சேரும் சிக்குக் கோலத்தை இட்டவர்களுக்கு இக்கட்டத்தின் அருமை தெரியும்; கோலத்தில் கடைசி வளைவு சேராவிட்டால் கையால் அழித்துவிடலாம் என்பதே வேறுபாடு.

தமிழகத்தில் ரேந்தை

தமிழகத்தின் பெயர்பெற்ற ரேந்தை, தட்டிங் அன்று. திண்டின் மேல் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் திண்டு ரேந்தை ஆகும். 1819இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லசு மால்ட்டும் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தவர். அம்மாவட்டத்து ஹானிடன் ஊர் ரேந்தைக்குப் பெயர் பெற்றது. 1840இல் விக்டோரியா அரசியின் திருமண ஆடைக்குப் பயன்பட்டதும் ஹானிடன் ரேந்தையே. மார்த்தா தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு ரேந்தையையும் கற்பித்தார்.

அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. அங்கு அடிமை முறை 1855 வரை சட்டப்படி நீடித்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859இல்தான் அதற்கான அரச அறிவிப்பைப் பெற்றனர். இச்சூழலில் அடிமைச் சிறுமிகள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய காசைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கியதாக மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. இவை மிஷனைச் சார்ந்தோர் எழுதியவை என்பதையும், பின்னிய பெண்களின் கூற்றாக அமையவில்லை என்பதையும் கருத்திற் கொண்டே படிக்க வேண்டும். ஆயினும், பெண்ணின் கையில் கூலியாகக் காசு வந்தது என்பதே அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

மால்ட் இணையரின் மகள் எலிசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். தமிழ்ப் புழக்கத்தில் வளர்ந்த எலிசா அங்குப் பெண்கள் பள்ளியோடு ரேந்தை வேலையையும் தொடங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல் நினைக்கப்படும் அளவுக்கு, தேரிக்காட்டு ஊரொன்றில் ரேந்தையை ஊன்றிய எலிசா நினைக்கப்படுவதில்லை.

திண்டு ரேந்தையின் வடிவம் எழுத்தில் இருப்பதன்று. துளையிட்ட அட்டையே வடிவம். ஒவ்வொரு துளையிலும் குண்டூசி நிற்கும். அட்டை தேய்ந்தால் அதன்மேல் புதிய அட்டையை வைத்துத் துளைத்து நகலெடுப்பர். நகல் பெருகுந்தோறும் துளைகள் சிறிது விலகும். எக்குச்சி எத்துளையில் திரும்ப வேண்டும் என்பது பின்னுபவரின் நினைவிலேயே இருக்கும். தட்டிங் குறிப்பில் எண்ணாவது உண்டு. அட்டையில் அதுவும் இல்லை.

ஆந்திராவின் நரசாபுரம் பகுதியில் வளர்ந்தது குரோசே ரேந்தை. அங்குப் பின்னும் பெண்கள் இல்லத்தரசிகள் என்றே கணக்கிடப்பட்டு, உழைப்பாளராக எண்ணப்படாமையை மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகக் காட்டியது. நரசாபுரம் ரேந்தை 2024இல் புவிசார் குறியீடு பெற்றது.

பழைய நூல்கள் கிடைக்குமிடம்

தில்மோனின் கலைக்களஞ்சியம் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்ற தன்னார்வ எண்ணிம நூலகம், காப்புரிமை முடிந்த கைவேலை நூல்களை வருடிப் பதிவேற்றி வருகிறது. பிராஞ்சார்டியேரின் நூல்களை அங்குக் காணலாம். வருடப்பட்ட பக்கங்களில் 3, 5, 8 ஆகிய எண்கள் மங்கி ஒன்றுபோல் தோன்றுவதுண்டு. அவ்வாறு ஐயம் எழுமிடத்தில் அதே வளையம் மீண்டும் வரும் வரியோடு ஒப்பிட்டு, வளையத்தின் இரு பக்கங்களும் சமமாக அமையும் எண்ணைக் கொள்ளலாம்.